குப்பைக்கு இடம் பார்க்கும்போது மறந்துபோகும் மழை

ஊருக்குக் குப்பைக் கிடங்கு வேண்டும் என்று பேச்சு எழுந்தால் முதலில் வரும் கேள்வி, "புறம்போக்கு எங்கே இருக்கிறது?" என்பதுதான். கிடைப்பது பெரும்பாலும் ஓடைப் புறம்போக்கு, ஏரிக்கரைப் பள்ளம், கைவிட்ட கல்குவாரி. மூன்றும் தண்ணீர் தானாகப் போய்ச் சேரும் இடங்கள். முதல் லாரி வருவதற்கு முன்பே, சர்வே எண்ணைக் குறிக்கிற அன்றே, கிணறு கெடுவதற்கு நாள் குறித்தாயிற்று.

சென்னை பெருங்குடியில் நடந்தது இதுதான். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒரு காலத்தில் பலர் கண்ணுக்கு வெறும் பள்ளம். மாநகரின் குப்பை பல பத்தாண்டுகள் அதன் ஓரத்தில் மலையாகக் குவிந்தது. அதே சதுப்புநிலம் 2022-இல் ராம்சர் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று பட்டியலில் ஏறியது.

குவாரி விஷயத்தில் இன்னொரு தப்புக் கணக்கு உண்டு: "பாறைதானே, தண்ணீர் இறங்காது." வெடி வைத்த பாறையில் விரிசல் இல்லாமல் இருக்குமா? களிமண்ணில் மெதுவாக ஊறும் நீர், பாறை வெடிப்பில் குழாய்க்குள் ஓடுவதுபோல் ஓடும். எந்த போர்வெல்லில் போய் எழும் என்று மேலே நின்று யாராலும் சொல்ல முடியாது.

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளம், குடியிருப்பு, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கச் சொல்லியிருந்தன. கிடங்கின் களிமண் அடித்தளத்துக்கு 2 மீட்டராவது கீழேதான் நிலத்தடி நீர் இருக்க வேண்டும் என்றும் கேட்டன. இதைச் சித்திரை வெயிலில் அளந்து கையெழுத்துப் போட்டால் எல்லா இடமும் தேறிவிடும். அளக்க வேண்டியது கார்த்திகை மழை ஓய்ந்து கிணறு மேலேறி நிற்கும்போது.

அடுத்த தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. திட்ட அறிக்கையில் நாளுக்கு எத்தனை டன் குப்பை என்பது கச்சிதமாக இருக்கும். மழை எவ்வளவு என்பது இருக்காது. ஒரு ஏக்கர் மேட்டில் 10 செ.மீ. மழை பெய்தால் விழும் தண்ணீர் சுமார் 4 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 33 லோடு! கொஞ்சம் வழிந்தோடும், கொஞ்சம் ஆவியாகும். மிச்சம் குப்பைக்குள் இறங்கி, அடிவாரத்தில் டிகாக்ஷன் நிறத்தில் நுரையோடு கசிகிறது. இந்தக் கசிவுநீர்தான் லீச்சேட். டெண்டரில் 'லீச்சேட் தொட்டி' என்று ஒரு வரி இருந்தால், அதன் அளவு எந்த மழைக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வெளியிலிருந்து வரும் மழைநீரைச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட வேண்டும். அந்த வாய்க்காலிலேயே கசிவுநீரையும் விட்டால் இரண்டும் சேர்ந்து ஏரிக்குப் போகும்.

மழையே இல்லாவிட்டாலும் நம் குப்பை கசியும். ஏறக்குறைய பாதி ஈரக்குப்பை. வாழை இலையையும் சாம்பார்ச் சோற்றையும் ஒரு கவரில் முடிந்து மூன்று நாள் வைத்தால் அடியில் புளித்த நீர் தேங்குவது தெரியும். அந்தப் புளிப்பு பேட்டரியிலும் பெயின்ட் டப்பாவிலும் உள்ள உலோகங்களைக் கரைக்கும். மக்கும் குப்பையைத் தனியே பிரிப்பது, கிணற்றைக் காக்கும் வேலையும்தான்.

கிடங்கின் அடியில் "ஷீட் விரித்தாயிற்று" என்று நிம்மதியாக இருப்பது இன்னொரு தவறு. 2016 விதிகள் கேட்டது 1.5 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பு மட்டுமல்ல. அதனடியில் நீர் எளிதில் புகாதபடி இறுக்கிய 90 செ.மீ. களிமண்ணும்தான். விரிப்பில் ஓட்டை விழும் என்று வைத்துக்கொண்டுதான் களிமண். ஒட்டுகளைச் சோதிக்காமல், மேலே வடிகால் மணலும் பரப்பாமல் புல்டோசரை ஏற்றினால் முதல் வாரத்திலேயே கிழியும். வடிகுழாய் அடைத்துக் கசிவுநீர் தேங்கி நின்றால், அந்த எடையே சின்ன ஓட்டையிலும் அதை அழுத்தி இறக்கும்.

தண்ணீர் மஞ்சளாகி நாற்றம் வந்த பிறகு பரிசோதிப்பது தாமதம். கிடங்கு வருமுன்பே சுற்றுவட்டக் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து அளவுகளைக் குறித்துவைக்க வேண்டும். இல்லையென்றால் "இங்கே தண்ணீர் எப்போதுமே உப்புதான்" என்ற பதிலுக்கு மறுபேச்சு இல்லை. நிலத்தடி நீரோட்டத்துக்கு மேற்புறம் ஒரு கண்காணிப்புக் கிணறு, கீழ்ப்புறம் இரண்டு மூன்று வேண்டும். குளோரைடைக் கவனியுங்கள், அது மண்ணில் ஒட்டாமல் தண்ணீரோடு ஓடுவதால் பெரும்பாலும் முதலில் ஏறும். காய்ச்சிக் குடிப்பதால் பயனில்லை, உப்பும் உலோகமும் இன்னும் அடர்த்தியாகத்தான் ஆகும்.

பழைய மேட்டை பயோமைனிங் செய்து, அதாவது தோண்டிச் சலித்துப் பிரித்து, அகற்றினால் கதை முடிந்தது என்பதும் சரியல்ல. மேடு போனாலும் அடியில் உள்ள மண் கசிவுநீரைக் குடித்துத்தான் இருக்கிறது. மூடிய கிடங்கையே 15 ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்றன 2016 விதிகள். சல்லடையில் விழும் நுண்மண் பார்வைக்கு நல்ல எருபோல இருக்கும்; அதில் உப்பு, ஈயம், கண்ணாடித் தூள், பிளாஸ்டிக் துணுக்கு எதுவும் இருக்கலாம். மனையை நிரப்பவோ தோட்டத்துக்குப் போடவோ மலிவு விலையில் லோடு மண் வந்தால், எந்த இடத்து மண் என்று கேளுங்கள். ஆய்வு அறிக்கையைக் காட்டிய பிறகு லாரியை உள்ளே விடுங்கள்.