அடுத்து என்ன? ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பள்ளி நாளை அமைத்துக் கொடுப்பது எப்படி

வட்டார வள மையத்திலிருந்து நான்கு அரசுப் பள்ளிகளுக்குப் போய்வரும் சிறப்பாசிரியை நான். திருநெல்வேலிப் பக்கம். ஒரு பள்ளிக்கு வாரத்தில் ஒரு நாள் போக முடிந்தால் பெரிது. மற்ற நாளெல்லாம் வகுப்பாசிரியரும் வீட்டாரும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் நான் இல்லாத நாளிலும் தானாக ஓடுகிற ஏற்பாட்டைத்தான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1972இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் உளவியலாளர் எரிக் ஷாப்லர் ஆட்டிசம் உள்ளவர்களுக்காக மாநிலம் முழுவதற்குமாகத் தொடங்கிய ‘டீச்’ திட்டத்தின் வழி இது. வாயால் சொன்னது காற்றில் போய்விடும், கண்ணெதிரே இருப்பது நிற்கும். இந்தப் பிள்ளைகளில் பலருக்குப் பிந்தியதுதான் கைகொடுக்கிறது.

முதலில் இடம். வகுப்பில் அவனுக்கென்று மாறாத ஓர் இடம் வேண்டும். வாசலோரம், ஜன்னலோரம் வேண்டாம். தலைக்கு மேலே மின்விசிறி கடகடக்கிறதா என்று நீங்களே அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெல் அடித்தால் காதைப் பொத்துகிற பிள்ளை என்றால், அதற்கு இரண்டு நிமிடம் முன்பே வெளியே அனுப்பிவிடுங்கள். காசு செலவில்லாத உதவி.

அடுத்து அட்டவணை. செல்போனில் நீங்களே படமெடுங்கள்: அவன் தட்டு, அவன் பெஞ்சு, அவன் போகிற கழிப்பறையின் கதவு. பொதுப் படங்களை அச்சடிக்காதீர்கள். ஒரு தடவை சோம்பலில் நான் அச்சடித்த படத்தில் இருந்தது வெஸ்டர்ன் டாய்லெட், பள்ளியில் இருப்பதோ இந்தியன். அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ‘இது எங்கே?’ என்பது போல் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தான் பையன்.

படங்களை ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, பின்னால் வெல்க்ரோ ஒட்டி, ஒரு பரீட்சை அட்டையில் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துங்கள். முதல் வாரம் இரண்டே படம்: முதலில் எழுத்து, அப்புறம் ஊஞ்சல். பழகியபின் நான்கு, ஆறு என்று கூட்டலாம். ஒரு வேலை முடிந்ததும் அவனே அந்தப் படத்தைப் பிய்த்து ‘முடிந்தது’ டப்பாவில் போட வேண்டும். அவசரத்தில் நீங்கள் போட்டுவிட்டால் பாதிப் பயன் போச்சு. படமே புரியாத பிள்ளைக்குப் பொருளைக் கையில் கொடுங்கள்: கரண்டி என்றால் சாப்பாடு, துண்டு என்றால் குளியல். வாசிக்கத் தெரிந்தவனுக்கு எழுதிய பட்டியல் போதும்.

வேலை தரும்போதும் இதே கதைதான். என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், பிறகு என்ன என்ற நான்கு கேள்விக்கும் யாரும் வாய் திறக்காமலே பதில் தெரிய வேண்டும். இடது பக்கம் மூன்று டப்பா, வலது பக்கம் ஒரு காலிக் கூடை. முதல் டப்பாவில் சிவப்பு மூடி, நீல மூடி பிரிப்பது. இரண்டாவதில் துணிக் கிளிப் மாட்டுவது. மூன்றாவதில் பெயர் எழுதுவது. செய்து முடித்த டப்பா வலப்பக்கக் கூடைக்குப் போகும். இடது பக்கம் காலியானால் வேலை முடிந்தது. எதையும் வாயில் போடுகிற பிள்ளை என்றால் விழுங்க முடியாத பெரிய சாமான்களாக வையுங்கள்.

பேச்சுக்கு வருவோம். நம் ஊரில் இது கொஞ்சம் சிக்கல். ஒரு பையனுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் ‘கொடு’ என்று பழக்கினார். வகுப்பில் ‘தா’ என்றார்கள். வீட்டில் ஆச்சி ‘இங்க குடுல’ என்றாள். மூன்றும் ஒன்றுதான் என்று அவனுக்கு யார் சொல்வது? எல்லோரையும் உட்காரவைத்து ‘குடு’ என்று முடிவு செய்தோம். பாடப்புத்தகத்தின் ‘வேண்டும்’ மெதுவாக வரட்டும், அட்டையில் முதலில் ‘வேணும்’ என்றே எழுதுங்கள். தாகமெடுக்கும்போது ‘உனக்குத் தண்ணி வேணுமா?’ என்று நம்மையே கேட்கிற பிள்ளைகள் உண்டு. நாம் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லித் தண்ணீர் கேட்கிறார்கள். திட்டாமல், அவன் சொல்ல வேண்டியதை, ‘எனக்குத் தண்ணி வேணும்’ என்று, நீங்கள் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொடுங்கள்.

பேச்சே வராத பிள்ளைக்குப் படத்தைக் கொடுத்துப் பொருளை வாங்கப் பழக்கலாம். 1985இல் போண்டி, ஃப்ராஸ்ட் இருவரும் அமெரிக்காவில் உருவாக்கிய பெக்ஸ் முறை. தொடக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எதிரே முறுக்கோடு, இன்னொருவர் பின்னால். பிள்ளை முறுக்குக்குக் கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் அந்தக் கையைப் பிடித்துப் படத்தை எடுத்துக் கொடுக்கவைக்க வேண்டும். அந்த நொடியே முறுக்கு அவனுக்கு. ‘என்ன வேணும், சொல்லு’ என்று யாரும் கேட்கக் கூடாது. அம்மாக்களுக்கு இதுதான் ரொம்பக் கஷ்டம், வாய் தானாகக் கேட்டுவிடும்.

பிள்ளை கத்துகிறான், தலையை முட்டுகிறான் என்றால் ஒரு நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அப்புறம் நாம் என்ன செய்தோம். நேரத்தையும் குறியுங்கள். ஒருவன் தினமும் கணக்குப் பாடவேளையில் தலையை முட்டினான். கணக்குப் பிடிக்கவில்லை என்று நானே அடித்துச் சொல்லி, கணக்கையும் குறைத்துவிட்டேன். பத்து நாள் நோட்டைப் புரட்டினால் எல்லாமே பதினொன்றே முக்காலை ஒட்டி. அடுத்த அறை சத்துணவுக் கூடம், தாளிக்கிற நேரம். அவனை வகுப்பின் மறுகோடிக்கு மாற்றினோம், தாளிக்கும்போது அந்தப் பக்கக் கதவைச் சாத்தினோம். முட்டுவது ஏறக்குறைய நின்றுபோனது. கணக்கில் அவன் கெட்டிக்காரன் என்பது பிறகுதான் தெரிந்தது, எனக்கு வெட்கமாகப் போயிற்று.

தெரபி வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்ச நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம் இருக்கிறான். அதனால் ஒவ்வொரு முறையும், ‘இந்த வாரம் வீட்டில் செய்ய ஒரே ஒரு விஷயம் எழுதிக் கொடுங்க’ என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளின் நகல் வகுப்பாசிரியருக்கும் போகட்டும். தெரபி தருபவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு எண் இருக்கிறதா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். கண்ணைப் பார்த்தே பேச வேண்டும் என்று தாடையைப் பிடித்துத் திருப்புகிறவரிடமும், ஆறு மாதத்தில் குணமாக்குகிறேன் என்பவரிடமும் என் பிள்ளையாக இருந்தால் விட மாட்டேன். கையை உதறுகிறானா, உதறட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கேட்கலாம். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாமல், ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள்.

அட்டவணை பழகிய பிள்ளைக்கு அது மாறினால்தான் பெரிய பாடு. ஐப்பசி, கார்த்திகையில் யூனிஃபார்ம் போட்டு நிற்கும்போது கலெக்டர் மழை விடுமுறை விட்டுவிடுவார். அதற்கென்று குடைப் படம் போட்ட ‘மாற்றம்’ அட்டை ஒன்று செய்து, மழைக்காலத்துக்கு முன்பே சின்னச் சின்ன நல்ல மாற்றங்களுக்குக் காட்டிப் பழக்குங்கள்: எழுத்துக்குப் பதில் இன்று ஐஸ், இட்லிக்குப் பதில் பூரி. பிறகு பள்ளிப் படத்தின் மேல் குடை வந்தாலும் வீடு அதிராது.

கடைசியாக ஒன்று, வெல்க்ரோ. சொரசொரப்பான பக்கம் படத்துக்கு, மெத்தென்ற பக்கம் பரீட்சை அட்டைக்கு என்று பள்ளியும் வீடும் ஒரே மாதிரி வையுங்கள். நாங்கள் மாற்றி ஒட்டி, வீட்டுப் படம் பள்ளி அட்டையில் ஒட்டாமல், ஒரு ராத்திரி முழுக்க அறுபது படத்தைப் பிய்த்து ஒட்டினோம்.