கரம்பாக (பயிரிடாமல்) கிடக்கும் ஊர் நிலத்தைச் சேர்ந்து மீட்பது எப்படி: சென்னையில் இருக்கும் நிலக்காரர்களுக்கு

தாம்பரத்திலோ அம்பத்தூரிலோ குடியிருக்கும் பலருக்கு மதுராந்தகம், உத்திரமேரூர், ஊத்துக்கோட்டை பக்கம் அரைக்காணி, ஒரு காணி நிலம் தாத்தா பெயரில் இருக்கும். போய்ப் பார்த்தால் வரப்பே தெரியாமல் சீமைக்கருவேலம் மண்டியிருக்கும். பெரும்பாலும் மண் கெட்டதால் அது கரம்பாகவில்லை. துண்டு சிறிசு, கிணறு பங்காளி நிலத்தில், உழ ஆளில்லை, குத்தகைக்கு விட்டால் திரும்பக் கைக்கு வருமா என்ற பயம். தனியாக நின்றால் இந்த நாலில் ஒன்றைக்கூடத் தீர்க்க முடியாது. அண்டை நிலக்காரர்கள் சேர்ந்தால் நாலையும் தீர்க்கலாம்.

அளவு முக்கியம். ஒட்டினாற்போல் 10 முதல் 15 ஏக்கர் சேர வேண்டும். அதற்குக் குறைந்தால் ஜேசிபி, போர் (ஆழ்துளைக் கிணறு), வேலி எதுவும் கட்டுப்படியாகாது. தமிழக அரசின் ‘கலைஞரின் அனைத்து கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டம்’ தரிசு நிலங்களை எடுத்துக்கொள்வதும் இதே 10–15 ஏக்கர் தொகுப்பாகத்தான். எனவே முதல் வேலையாக வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போய், திட்டம் இப்போதும் நடக்கிறதா, உங்கள் கிராமம் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

காகித வேலை

சேர விரும்பும் ஒவ்வொருவரும் சிட்டா, புலப்படம் (சர்வே எண்ணின் எல்லை வரைபடம்), அ-பதிவேட்டு (ஊர் நிலங்களின் வகையும் உரிமையும் எழுதிய வருவாய்ப் பதிவேடு) நகல், 30 வருட வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுக்கட்டும். பழைய பத்திரம் காணியில் பேசும், பட்டா ஹெக்டேரில் பேசும். எல்லாவற்றையும் சென்ட்டுக்கு மாற்றி ஒரே தாளில் எழுதுங்கள்: 1 ஹெக்டேர் 247 சென்ட், 1 காணி சுமார் 132 சென்ட். இந்தத் தாளில்தான் பிற்காலத்துப் பங்குத் தகராறுகள் எல்லாம் முடியும்.

பிறகு சர்வேயரை வைத்து அளந்து கல் நட வேண்டும். முள்ளை வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் புதருக்குள் அளவுச் சங்கிலி இழுக்க முடியாது. எல்லை ஓரங்களில் மட்டும் ஆறடிப் பாதை வெட்டிவிட்டு அளப்பதுதான் நடக்கிற காரியம். பழைய வரப்பை ஜேசிபி தள்ளிய பிறகு அளக்கப் போனால் சண்டை நிச்சயம்.

பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுகள் அத்தனை பேரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அந்தத் துண்டைச் சேர்க்காதீர்கள். முதல் வருடம் அதை விட்டுவிட்டு மற்றதைத் தொடங்கலாம். மேய்க்கால் புறம்போக்கு (ஊர் மேய்ச்சலுக்கான பொது நிலம்), கோவில் நிலம் இரண்டையும் தொகுப்புக்குள் இழுக்கக் கூடாது.

பஞ்சமி நிலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் தந்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் தலித் குடும்பங்களுக்கென ஒதுக்கப்பட்ட நிலம் அது. வெளியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அ-பதிவேட்டில் அந்தக் குறிப்பு இருந்தால் யார் பெயரில் பட்டா ஓடினாலும் தொகுப்பில் சேர்க்காதீர்கள். உரிய குடும்பம் ஊரில் இருந்தால், அவர்கள் பெயரிலேயே, அவர்கள் சம்மதித்தால் மட்டும், தண்ணீரையும் இயந்திரத்தையும் பகிர்ந்துகொள்ளலாம்.

ஒப்பந்தம்

உடலுழைத்துப் பயிரிடும் குத்தகைதாரரை 1955ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாக்கிறது. அந்தப் பாதுகாப்பு தேவையானது. அதைத் தவிர்ப்பதற்காக வாய்வார்த்தையில் வருடத்துக்கு ஒருவரை மாற்றிக்கொண்டே போனால், யாரும் நிலத்துக்கு எரு போட மாட்டார்கள், மண் தேறாது. எழுதிச் செய்யுங்கள். ஏழு பேர் இருந்தால் சங்கமாகப் பதியலாம். சங்கத்துக்கு நிலக்காரர்கள் ஐந்து வருடம் குத்தகை எழுதிக் கொடுக்கட்டும். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதியாத காகிதம், நடுவில் ஒருவர் மனை போட்டு விற்பவரிடம் நிலத்தை விற்கும்போது கைகொடுக்காது. விற்க நினைப்பவர் சங்கத்துக்கு மூன்று மாதம் முன்பே சொல்ல வேண்டும், நிற்கும் பயிர் அறுப்பு வரை வாங்குபவர் கை வைக்கக் கூடாது என்ற இரண்டு வரியும் பத்திரத்தில் இருக்கட்டும்.

பங்கு பிரிப்பதில், நியாய வாரச் சட்டம் (குத்தகை அளவை வரையறுக்கும் சட்டம்) சொல்லும், விளைச்சலில் 25 சதவீதத்தை நிலப் பங்குக்கு உச்சவரம்பாக வைப்பது நல்லது. விளைச்சல் மதிப்பில் முதலில் விதை, உழவு, கூலி போகும். மிச்சத்தில் நிலத்துக்கு உரியது சென்ட் கணக்கில், பண்ணையைப் பார்த்துக்கொள்பவருக்கு ஒரு பங்கு, பத்து சதவீதம் சேமநிதி. முதல் இரண்டு வருடம் நிலப் பங்கு பெரும்பாலும் பூஜ்ஜியம்தான். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லாத சங்கங்கள் இரண்டாம் வருடம் உடையும்.

ஊரில் இருப்பவர்களை மறக்காதீர்கள். அந்தக் கரம்பில்தான் அவர்கள் ஆடு மேய்த்திருப்பார்கள், விறகு ஒடித்திருப்பார்கள். வெட்டும் முள்விறகில் அவர்களுக்கே முதல் உரிமை, அறுப்புக்குப் பின் நிற்கும் பயிர்த்தாளில் மேய்ச்சல், கூலி வேலையில் முன்னுரிமை என்று அவர்களோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். வேலியைவிட இது அதிகம் காக்கும்.

முள்ளை எடுப்பது

மாசி முதல் சித்திரை வரை, நிலம் காய்ந்திருக்கும்போது. கரிமூட்டம் போடுபவர் இலவசமாக வெட்டித் தருகிறேன் என்பார். அவர் தரையோடு வெட்டிவிட்டுப் போவார். அடுத்த மழைக்கு ஒரு தூரிலிருந்து பத்துக் கிளை எழும்பும். கருவேலம் துளிர்ப்பது அடித்தண்டும் வேரும் சேரும் கழுத்திலிருந்து. தூரைச் சுற்றி மண்ணைப் பறித்தால் தரைக்குக் கீழே ஒரு சாண் வரை தடித்து, மொட்டு மொட்டாகப் புடைத்திருப்பது கண்ணுக்கே தெரியும். அதற்கும் கீழே, ஓர் அடிக்குக் குறையாமல் தோண்டி வேரை அறுத்து, தூரை மேலே எடுத்துப் போட வேண்டும். ஆழத்தில் மிஞ்சும் ஆணிவேர் துளிர்க்காது. ஜேசிபிக்காரரிடம் மணிக்கணக்கில் பேசாமல் தூர் வெளியே வந்தால்தான் காசு என்று பேசுங்கள்.

மேல்மண்ணை வாரிக் கரையில் தள்ள விடாதீர்கள். இத்தனை வருடம் உதிர்ந்த இலை மக்கியது அந்த மேல் அரையடியில்தான். விதை மண்ணில் பல வருடம் கிடக்கும். ஆகையால் ஒவ்வொரு மழைக்குப் பின்னும் கன்றைக் கையால் பிடுங்கும் வேலை மூன்று வருடத்துக்கு உண்டு. ஆட்டுக்கிடை போடுவது (இரவில் மந்தையை வயலில் அடைப்பது) மண்ணுக்கு அருமையான எரு. ஆனால் கருவேலங்காய் பழுத்து உதிரும் கோடையில் போட்டால், புழுக்கையோடு முளைக்கத் தயாரான விதையும் விழும்.

மண்ணைத் தேற்றுவது

மண் மாதிரிக்கு ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில், வரப்பையும் மர நிழலையும் தவிர்த்து, ‘வி’ வடிவில் அரையடி ஆழத்துக்கு வெட்டி, பக்கச் சுவரில் ஓரங்குல மண்ணைச் சீவி எடுங்கள். கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளிக்கொண்டே வந்து, அரைக்கிலோ ஆனதும் துணிப்பையில் கட்டி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பலாம். தண்ணீரையும் சேர்த்துப் பாருங்கள். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்திருக்கிறது. அங்கே போர் போட்டுப் பணத்தைக் கொட்டுவதற்கு முன் அக்கம்பக்கக் கிணற்று நீரைச் சோதித்தாக வேண்டும்.

முதல் உழவு உளிக்கலப்பை; அடியில் இறுகிய மண் உடையும். அடுத்தது ஐந்து கொத்துக் கலப்பை, பிறகு ஒன்பது கொத்துக் கலப்பை. ரோட்டவேட்டரை முதல் வருடம் உள்ளே விடாதீர்கள். கோரைக் கிழங்கையும் அருகம்புல் தண்டையும் துண்டு துண்டாக்கி நிலமெங்கும் நட்டுவிட்டுப் போகும். கோடை உழவில் புரட்டிப் போட்டு வெயிலில் காயவிடுவதுதான் அதற்கு மருந்து.

ஆடி மழைக்கு ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு, அல்லது தானியம், பயறு, எண்ணெய்வித்து கலந்த பலதானிய விதை 20–25 கிலோ. 45ஆம் நாள், பூவெடுக்கும்போது மடக்கி உழவு. பூ முற்றித் தண்டு நாராகிவிட்டால் மக்க நாளாகும், அடுத்த பயிர் மஞ்சளடிக்கும். பிறகு மேட்டில் புரட்டாசி, ஐப்பசியில் ஏக்கருக்கு 8 கிலோ கொள்ளு. ஏரிப் பாசனம் எட்டும் பள்ளத்தில் மட்டும் நெல். முதல் வருடமே தர்ப்பூசணிக்குப் போகாதீர்கள்; செலவு அதிகம், தேறாத மண்ணில் தோற்றால் சங்கமும் தோற்கும்.

தண்ணீர்

ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை சுமார் 40,000 லிட்டர். நம் மாவட்டங்களில் பெரும்பங்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டுகிறது. வரப்பை ஒன்றரை அடி உயர்த்தி, தாழ்ந்த மூலையில் பண்ணைக்குட்டை வெட்டி, போர் அதற்கப்புறம். ஏரி மதகிலிருந்து வரும் வாய்க்காலைப் புலப்படத்தோடு நடந்து பாருங்கள். பல வருடம் தண்ணீர் ஓடாத வாய்க்காலை யாராவது தூர்த்திருப்பார்கள். அதற்கு ஜமாபந்தியில் (வருடாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) மனு கொடுக்கலாம், சங்கத்தின் பெயரில்.

கணக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டில், முதலாம் பராந்தகன் காலத்தில் (919, 921), ஏரி வாரியத்துக்கும் (குழுவுக்கும்) தோட்ட வாரியத்துக்கும் குடவோலையில் (பெயரெழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்கி) ஆள் எடுத்த விதிகள் உள்ளன. அதில் ஒன்று: வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குப் பெயர் தரக் கூடாது. இதை உங்கள் சங்க விதியில் அப்படியே எழுதுங்கள். நடைமுறைக்கு: ஒரே வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒன்று ஊரில் இருப்பவருடையது. கூலிச் சீட்டை அன்றன்றே படமெடுத்துக் குழுவில் போட வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் அடங்கல் (பயிர்ப் பதிவு நகல்) கேட்பார்கள் என்பதால், எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் விதைத்த மாதமே பதிய வைக்கவும். அறுப்பு முடிந்து மாசியில் ஒரு ஞாயிறு, ஊர் மரத்தடியில், நிலம் இல்லாத கூலிக்காரரும் கேட்கும்படி கணக்கை வாசியுங்கள். அந்தக் கூட்டம் முடியாமல் சித்திரை உழவுக்கு டிராக்டர் சொல்லக் கூடாது.