புது ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள்: முதல் சவாரிக்கு முன் செய்ய வேண்டியவை

முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ள மவுண்டன் பைக்கை முதன்முறை ஓட்டுகிறவர்கள் பலரும், ஏற்றத்தில் அது மெத்தைமேல் உட்கார்ந்து மிதிப்பதுபோல இருக்கிறது என்று சலித்துக்கொள்வார்கள். முதல் நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். வீடு திரும்பி அளந்து பார்த்தபோதுதான், பின் ஷாக்கில் காற்று போதாமல், நான் ஏறி உட்கார்ந்ததுமே அது அமிழக்கூடிய மொத்த நீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அமிழ்ந்துபோயிருந்தது தெரிந்தது. காற்றழுத்தம் உங்கள் எடைக்குப் பொருந்தும்வரை சைக்கிளின் குணத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

உட்கார்ந்ததும் அமிழும் இந்த அளவை ‘சேக்’ என்பார்கள். பின் ஷாக்குக்கு 25 முதல் 30 சதவீதமும், முன் ஃபோர்க்குக்கு (முன் சக்கரத்தைத் தாங்கும் கவைக்கு) 15 முதல் 20 சதவீதமும் பொதுவாகப் பொருந்தும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். ஹெல்மெட், ஷூ, தண்ணீர்ப் பை என்று சவாரிக்குப் போகும் கோலத்திலேயே, ஷாக்கை அமிழாமல் பூட்டும் லாக்-அவுட் லீவரைத் திறந்துவைத்துவிட்டுச் சுவரைப் பிடித்தபடி ஏறுங்கள். ஷாக் தண்டில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதை மேலே, தண்டு உள்ளே நுழையும் இடத்திலுள்ள சீல் வரை தள்ளிவிட்டு, குலுங்காமல் உட்கார்ந்து, குலுங்காமல் இறங்கி, வளையம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று ஸ்கேலால் அளக்க வேண்டும். ஷாக்கின் ஸ்ட்ரோக், அதாவது அமிழக்கூடிய மொத்த நீளம், 55 மி.மீ. என்றால், 30 சதவீதம் என்பது 16.5 மி.மீ. காற்றடிக்க ஷாக் பம்ப்தான் வேண்டும். டயருக்கு அடிக்கும் பம்ப் இதற்கு உதவாது. ஷாக் பம்ப்பைக் கழற்றும்போது ‘புஸ்’ என்று வரும் சத்தம் பம்ப்பின் குழாயில் தங்கிய காற்றுடையது என்பதால் பதற வேண்டியதில்லை.

அடுத்தது ரீபவுண்ட், அதாவது அமிழ்ந்த சஸ்பென்ஷன் மீண்டெழும் வேகம். நடைபாதை விளிம்பிலிருந்து உட்கார்ந்தபடியே மெதுவாக இறங்கிப் பாருங்கள்: சீட் ஒரே ஒரு முறை எழும்பி அடங்கினால் சரியாக இருக்கிறது. உங்களை உதைத்துத் தள்ளினால் ரீபவுண்டைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள். அளவுக்கு மீறி மெதுவாக்கினாலோ, அடுத்தடுத்து வரும் கற்களில் ஷாக் எழ நேரமின்றித் தாழ்ந்துகொண்டே போய்க் கட்டைபோல இறுகிவிடும். எனக்கு இது பிடிபட சேக்கை விடவும் அதிக நாளானது.

புது டிஸ்க் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது. சமதளத்தில் ஓரளவு வேகமெடுத்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் நடை வேகத்துக்குக் குறைப்பதை இருபது முறையாவது செய்த பிறகே இறக்கத்துக்குப் போங்கள்.

பாதையில் ஏறும்போது உட்கார்ந்தே சீராக மிதியுங்கள். சேக்கினால் பெடல் தரைக்கு நெருங்கியிருப்பதால், கற்கள் வரும் இடத்தில் மிதியின் நேரத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும். இறக்கத்தில்தான் அதிகக் கவனம் தேவை: முன்பு உடம்பைக் குலுக்கிய கற்கள் இப்போது உறைக்காததால், வேகம் கூடுவது தெரியவே தெரியாது. வழக்கமாகப் பிடிக்கும் இடத்துக்குச் சற்று முன்பே பிரேக் பிடியுங்கள்.

திரும்பியதும் அந்த ரப்பர் வளையத்தை மீண்டும் பாருங்கள். பெரிய குழிகளில் விழுந்த பிறகும் தண்டின் கால்பங்கு தொடப்படாமலே இருந்தால், சேக்கின் வரம்புக்குள் காற்றைச் சிறிது குறைக்கலாம். பிறகு ஃபிரேமின் அசையும் மூட்டுகளிலுள்ள பிவட் போல்ட்டுகளை, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சால், அவற்றின் அருகே அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்குச் சரிபாருங்கள். முதல் சில சவாரிகளில் அவை தளர்வதுண்டு.