பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் ஆவி அமைப்பைச் சோதித்துப் புதுப்பிக்கும் முறை

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய டட்சன் 240இசட், எம்ஜிபி போன்ற கார்களை ஆசையாக வைத்திருப்பவர்கள் பட்டறைக்கு எடுத்துவரும் புகார்களில், வண்டிக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்பது தவறாமல் இடம்பெறும். அப்போது பல போர்மன்கள், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரி நிரப்பிய டப்பாவான கேனிஸ்டரைக் கழற்றி எறிந்துவிட்டு, மீதமுள்ள குழாய்களின் வாயை ஆணியாலோ போல்ட்டாலோ அடைத்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சட்டத்துக்காக வைத்த சாமான் நமக்கெதற்கு என்பது அவர்கள் வாதம். பெட்ரோல் ஆவியை அடக்கும் அமைப்பைக் கலிபோர்னியா 1970 மாடல்களிலும், அமெரிக்கா முழுவதும் 1971 மாடல்களிலும் கட்டாயமாக்கின என்பது உண்மைதான். ஆனால் அந்த அமைப்போடு வடிவமைக்கப்பட்ட காரில் டாங்கி மூச்சு விடுவதும் அதே குழாய்களின் வழியாகத்தான். அதை அடைத்தால் வாடை போகாது. பெட்ரோல் வராமல் வண்டி நடுவழியில் நிற்பதும் சேர்ந்துகொள்ளும்.

ஆவி மூன்று சமயங்களில் கிளம்புகிறது: நிறுத்திய கார் வெயிலில் சூடேறும்போது, ஓடும்போது, ஓடி முடித்து இன்ஜினை அணைத்த பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் இன்ஜின் சூட்டில் கொதிக்கும்போது. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால் அது மேலே போகாமல் தரையோடு படரும். நம் வீடுகளில் கார் நிற்கும் முகப்பிலேயே துளசி மாடத்து விளக்கும் கொசுவர்த்தியும் எரிவதை நினைத்துப் பார்த்தால், இது வெறும் வாடைப் பிரச்சினை அல்ல என்பது விளங்கும்.

அமைப்பு எளிமையானது. டாங்கியின் மேற்பகுதியிலிருந்து வரும் ஆவி முதலில் ஒரு சிறிய விரிவுத் தொட்டிக்குள் போகும். திரவமாக வந்த பெட்ரோல் அங்கிருந்து டாங்கிக்கே திரும்ப வடியும். எஞ்சிய ஆவி மெல்லிய குழாய் வழியாக முன்பக்கம் சென்று, கேனிஸ்டரில் உள்ள கரியில் ஒட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது அதன் உறிஞ்சு விசை கேனிஸ்டரின் அடியிலிருந்து சுத்தமான காற்றை இழுக்க, கரியில் ஒட்டிய ஆவி பிரிந்து இன்ஜினுக்குள் போய் எரிந்துவிடும். டட்சன் 240இசட்டில் கேனிஸ்டருக்குப் பதிலாகத் திசை மாற்றும் வால்வு ஒன்று உண்டு. நின்ற வண்டியின் ஆவியை அது இன்ஜினின் அடிப்பாகமான கிராங்க் அறைக்குள் அனுப்பி வைக்கும். பின்னால் வந்த இசட் கார்களில் கேனிஸ்டர் இடம்பெற்றது.

ஆகவே, எதையும் கழற்றுவதற்கு முன் உங்கள் கார் எந்தச் சந்தைக்காகச் செய்யப்பட்டது என்று கண்டறியுங்கள். பிரிட்டனில் விற்ற பழைய எம்ஜிபியில் கேனிஸ்டர் இருக்காது. டாங்கி மூடியில் உள்ள சிறு துளையே காற்றுவழி. அமெரிக்காவுக்குப் போன பிந்திய எம்ஜிபியில் மூடி காற்றுப் புகாததாக இருக்கும். காற்றுவழி கேனிஸ்டர் பக்கம் இருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இந்த இரண்டு மூடிகளை மாற்றிப் போடுவதுதான் நான் அதிகம் காணும் கோளாறு. துளையுள்ள மூடியைக் கேனிஸ்டர் உள்ள காரில் போட்டால் ஆவி பின்னாலேயே வெளியேறும். துளையில்லாத மூடியை மற்றதில் போட்டால், பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி வண்டி திணறும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே பலமாக இழுக்கும் ஓசை கேட்டால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

வேலையைக் காற்றோட்டமான திறந்த இடத்தில், டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, இன்ஜின் ஆறிய பிறகு, பேட்டரியின் எதிர் (மைனஸ்) முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். உலர்பொடித் தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

முதலில் ரப்பர்க் குழாய்கள். 240இசட்டில் விரிவுத் தொட்டி வலப்பக்கப் பின் மூலையில், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. ஐம்பது வயதுப் பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும் என்பதால், வெயிலில் சற்று இளக வைத்து, பிடிப்பான்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுங்கள். குழாய்கள் வெளிப்பார்வைக்கு நன்றாகவே தெரியும். முனையில் கவ்வி இறுக்கியிருக்கும் இடத்தை விரலால் வளைத்துப் பார்த்தால்தான் வட்டமாக ஓடும் மெல்லிய வெடிப்புகள் வாய் திறக்கும். ஒன்றில் வெடிப்பு கண்டால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே அறிவுடைமை. தண்ணீர்க் குழாயையோ மீன்தொட்டிக் குழாயையோ போடவே கூடாது. பெட்ரோல் ஆவி பட்டால் அவை ஊதி இளகிவிடும். பெட்ரோல் குழாய்க்கான தர எண்ணான எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்று அச்சிட்ட குழாயைக் கேட்டு வாங்குங்கள். புதியதை மடிப்பு விழாமல், நடுவில் தொங்காமல் பொருத்த வேண்டும். தொங்கிய இடத்தில் பெட்ரோல் தேங்கி ஆவியின் வழியை மறித்துவிடும்.

குழாய்களை மாற்றிய பிறகும் நகரும்போது மட்டும் வாடை அடித்தால், அது பெரும்பாலும் பின்கதவு ரப்பர் வழியாக உள்ளே இழுக்கப்படும் புகை. அதற்கு வைத்தியம் வேறு.

அடுத்து, காரின் அடியில் ஓடும் இரும்புக் குழாய். இரு முனைகளையும் கழற்றி, கையால் அழுத்தும் ரப்பர்ப் பம்பைக் கொண்டு காற்றை மெதுவாகச் செலுத்துங்கள். டாங்கியோடு இணைந்திருக்கும்போது டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைப் பயன்படுத்தவே கூடாது; இந்த அமைப்பைச் சோதிக்க ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அழுத்த அளவு) அழுத்தத்தில் பாதியே போதும், அதற்கு மேல் போனால் டாங்கியின் பற்றவைப்பு பிளக்கலாம். காற்று போகவில்லை என்றால் துருவை மட்டும் சந்தேகிக்காதீர்கள். செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய நம் ஊர்களில், சில மாதம் ஓடாமல் நின்ற காரின் திறந்த குழாய் முனைக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும். கேனிஸ்டரின் அடித்துளைக்கும் இதே கதிதான். மெல்லிய கம்பியால் மண்ணைப் பொடித்து, வெளிப்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும். உள்ளே தள்ளினால் அது விரிவுத் தொட்டியில் போய்த் தங்கும்.

கேனிஸ்டரைக் கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் அலம்பினால் டாங்கியை வாய்வரை நிரப்பும் பழக்கத்தால் கரி பெட்ரோலில் ஊறிவிட்டது. கருந்தூள் கொட்டினால் கரி உடைந்து நொறுங்கத் தொடங்கிவிட்டது. அந்தத் தூள் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். அடியில் இருக்கும் வடிகட்டிப் பஞ்சைத் தனியே மாற்ற முடிகிற கேனிஸ்டரில் அதை முதலில் மாற்றுங்கள். மேலே, ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிடும் வால்வு இருந்தால், கையால் இயக்கும் வெற்றிடப் பம்பை அதில் பொருத்தி இழுத்துப் பிடியுங்கள்; முள் இறங்கிக்கொண்டே போனால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. அந்த வால்வின் குழாய், கார்புரேட்டரில் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தட்டுக்கு மேலுள்ள துளையில் இணைந்திருக்க வேண்டும். கார்புரேட்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயான மேனிஃபோல்டில் நேரடியாக மாட்டினால் வண்டி நின்றபடி ஓடும்போதே ஆவி உள்ளே பாய்ந்து, ஓட்டம் தடுமாறும்.

புதுக் கேனிஸ்டர் கிடைக்காமல் பழையதைத் திறந்து கரி நிரப்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் செம்பனைக் கொட்டை ஓட்டிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் செய்த செயலூட்டிய கரி தண்ணீர் வடிகட்டிக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் சிரட்டைக் கரியின் துளைகள் மிக நுண்ணியவை. அவை ஆவியைப் பிடித்த பிறகு சுலபமாக விடுவதில்லை. கார் கேனிஸ்டருக்கு மரத்திலிருந்து செய்த, துளை சற்றுப் பெரிதான கரியே ஏற்றது, ஏனெனில் இங்கே பிடிப்பதைப்போல விடுவதும் முக்கியம். அதைத் தூள் போகச் சலித்து, குருணைகள் அசையாதபடி நெருக்கமாக நிரப்பி, இருபுறமும் பஞ்சு வைத்து மூடுங்கள். கழித்த கரியில் பெட்ரோல் இருக்கும் என்பதால் அதை வீட்டுக் குப்பையில் சேர்க்காமல், கழிவு எண்ணெயை முறையாக ஒப்படைக்கும் பட்டறையில் கொடுத்துவிடுவது நல்லது.

எல்லாவற்றையும் பூட்டிய பின் கோலாகங்சார் வரை ஓட்டிவிட்டு வந்து, கண்ணாடிகளை ஏற்றி, காரை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். கதவைத் திறந்ததும் பின்பக்கம் வாடை இருந்தால் விரிவுத் தொட்டியின் கவ்விகளையும், முன்பக்கம் இருந்தால் கேனிஸ்டர் இணைப்புகளையும் கார்புரேட்டர் கிண்ணத்தின் காற்றுக்குழாயையும் மறுபடி பாருங்கள். பெட்ரோல் நிரப்பும்போது பம்பின் துப்பாக்கிக் குழாய் முதன்முறை தானாக நின்றதும் நிறுத்திவிடுங்கள். கணக்கைச் சரியான ரிங்கிட்டுக்குக் கொண்டுவர மேலும் மேலும் அழுத்தினால், புதுக் கரியும் ஊறிவிடும்.