லைசென்ஸ் எடுக்கும் இடத்தில் வரும் ஓட்டுக் கேள்வி

அமெரிக்கா வந்த சில வாரங்களிலேயே டிரைவிங் லைசென்ஸ் எடுக்கப் போவீர்கள். இந்த ஊர்க் கட்சியும் தேர்தலும் நமக்கு எதற்கு என்று இருக்கும்போதே, அந்தக் கவுண்டரில் அரசியல் உங்கள் முன்னால் வந்து நிற்கும். கண் பரிசோதனை முடிந்து போட்டோ எடுத்தாயிற்று. பின்னால் நீண்ட வரிசை. திரையில் கேள்விகள் ஒவ்வொன்றாக வர, விரல் ‘யெஸ்’ என்று அழுத்திக்கொண்டே போகும். அதில் ஒன்று, “வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா?” அங்கே விரலை எடுத்துவிடுங்கள். சிட்டிசன் ஆகும்வரை அதற்கு ‘நோ’ என்பது மட்டும்தான் பதில்.

1993-ல் வந்த ஒரு சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் அலுவலகமே வாக்காளர் பதிவையும் சேர்த்துச் செய்கிறது. அதனால்தான் கேட்கிறார்கள். கேட்டுவிட்டதால் நமக்கு உரிமை இருக்கிறது என்று ஆகாது. எஃப்-1 (மாணவர் விசா), எச்-1பி (வேலை விசா), கிரீன் கார்டு (நிரந்தரக் குடியிருப்பு) எதில் இருந்தாலும் அதிபர், காங்கிரஸ் தேர்தல்களில் ஓட்டுப் போடுவது குற்றம். ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு, நாட்டைவிட்டே அனுப்பவும் செய்யலாம். சிட்டிசன் என்று பொய்யாகக் குறிப்பதும் அதே அளவு ஆபத்து. பல வருடம் கழித்துக் குடியுரிமைக்காக என்-400 படிவம் நிரப்பும்போது, எப்போதாவது வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா என்று கேட்பார்கள்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் கிரீன் கார்டில் இருந்தார். லைசென்ஸ் புதுப்பித்த பிறகு வாக்காளர் அட்டை தபாலில் வந்துவிட்டது. அவர் அதைக் குப்பையில் போடவில்லை. குடியேற்ற வக்கீலிடம் காட்டி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிப் பெயரை நீக்க வைத்து, வந்த பதில் கடிதத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார். உங்களுக்கும் அப்படி வந்தால் இதையே செய்யுங்கள்.

மேரிலாந்தின் டகோமா பார்க் போல ஒரு சில ஊர்களில் உள்ளூர்த் தேர்தலில் மட்டும் சிட்டிசன் அல்லாதவர்களும் ஓட்டுப் போடலாம். அங்கேயும் வக்கீலைக் கேட்காமல் இறங்க வேண்டாம். அப்புறம் நன்கொடை. வாட்ஸ்அப்பில் வேட்பாளர் நிதிக்கு லிங்க் வரும். விசாவில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது, கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். சம்பளம் வாங்காமல் தொண்டராகப் போக விசாக்காரருக்கும் தடையில்லை. இந்தியப் பாஸ்போர்ட் இருக்கும்வரை ஊர் ஓட்டை விட வேண்டாம். 6ஏ படிவம் கொடுத்து வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம், ஆனால் நேரில் போய்த்தான் போட வேண்டும்.

இனி கட்சிகள். ஊரில் சிவப்பு என்றால் கம்யூனிஸ்ட். இங்கே சிவப்பு ரிபப்ளிகன், நீலம் டெமாக்ரட். இந்த வண்ணம் நிலைத்ததே 2000-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பிறகுதான். வரி குறைய வேண்டும், துப்பாக்கி உரிமையில் கைவைக்கக் கூடாது, கருக்கலைப்பைக் கட்டுப்படுத்த வேண்டும், எல்லையில் கண்டிப்பு வேண்டும் என்பது பொதுவாக ரிபப்ளிகன் பக்கம். மருத்துவக் காப்பீட்டுக்கும் நலத்திட்டங்களுக்கும் அரசு செலவிட வேண்டும், கருக்கலைப்பு பெண்ணின் உரிமை, துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பது டெமாக்ரட் பக்கம்.

ஆனால் நமக்கு உண்மையில் புதிதாக இருப்பது வேட்பாளரை முடிவு செய்யும் விதம். ஊரில் விருப்ப மனு கொடுத்து, நேர்காணல் முடிந்து, தலைமை பட்டியல் வெளியிட்டால்தான் சீட்டு. இங்கே பிரைமரி என்று முதலில் ஒரு தேர்தல் வைத்து, கட்சி வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பென்சில்வேனியாவில் அந்தக் கட்சிக்காரராகப் பதிந்திருந்தால்தான் அதன் பிரைமரியில் ஓட்டு. டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது, இரண்டில் ஒன்றில் போடலாம். நம்மவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். டெமாக்ரட் கட்சியின் கமலா ஹாரிஸின் தாயார் சென்னையில் பிறந்தவர். ரிபப்ளிகன் கட்சியின் விவேக் ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தினர். ஆகவே தமிழர் என்றால் இந்தக் கட்சிதான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஊரில் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தவர்கள், கிரீன் கார்டுக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும் முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். படிவத்தில் அதற்கென்றே கேள்வி இருக்கிறது. மறைப்பது கூடுதல் சிக்கல்.

இந்த ஓட்டுரிமை நமக்குச் சும்மா வரவில்லை. 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்ல, ஆகவே குடியுரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-ல்தான் சட்டம் மாறியது. ஓட்டுரிமை கேட்டுக் கறுப்பின மக்கள் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் அடிபட்டு நடந்த 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு வந்த குடியேற்றச் சட்டம்தான் நம் மக்கள் பெருவாரியாக வர வழி திறந்தது. கறுப்பின மக்களின் போராட்டத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு கழித்துக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 55 வயதைக் கடந்து, 15 ஆண்டு கிரீன் கார்டில் இருந்தவர்கள் நேர்காணலைத் தமிழிலேயே முடிக்கலாம். எங்கள் அம்மா அப்படித்தான் சிட்டிசன் ஆனார். ஆங்கிலம் வாசிக்க வராதே, எப்படி ஓட்டுப் போடுவது என்று பயந்தார். வாசிக்க முடியாதவர்கள் தமக்கு வேண்டிய ஒருவரை உதவிக்கு அழைத்துப் போகலாம், முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் கூடப் போனேன். அதிபரில் தொடங்கி ஷெரிஃப், நீதிபதி, பள்ளி வாரியம் என்று இரண்டு பக்கம் நிறைந்த வாக்குச்சீட்டு. அம்மா சின்னத்தைத் தேடினார். எங்கள் ஊர்ச் சீட்டில் சின்னம் இல்லை, பெயர்கள்தான். பேரன் படிக்கும் பள்ளி என்பதால் பள்ளி வாரியப் பெயர்களை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். வெளியே வரும்போது, விரலில் மை வைக்கவில்லையே என்று கேட்டார். ஓட்டுப் போட்டதற்குக் கொடுத்த ஸ்டிக்கரைச் சேலையில் ஒட்டிக்கொண்டு, அன்று இரவு வரை அதை எடுக்கவே இல்லை.