"தானா விழுந்துட்டார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

தை அறுவடை நேரம். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகிற சாலையில் மாமா தன் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆட்டோ பிடித்து ஏற்றிப் போன மாமா மகனிடம் அவசர சிகிச்சைப் பிரிவில் டாக்டர் கேட்டார், "எப்படிப்பா அடிபட்டுச்சு?" அவன் சொன்னான், "வண்டியிலேர்ந்து தானா விழுந்துட்டாருங்க."

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கார் என்று சொன்னால் போலீஸ் வரும், ஸ்டேஷனுக்கு அலையணும், நம்பரையும் பார்க்கல, எதுக்கு வம்பு என்று நினைத்துவிட்டான். ஆனால் அந்த ஒரு வரி ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏ.ஆர். காப்பி என்று வக்கீல்களும் போலீஸ்காரர்களும் சொல்வது இதைத்தான். மூன்று மாதம் கழித்து நிவாரணம் கேட்டுப் போனபோது எல்லோரும் முதலில் புரட்டிப் பார்த்தது அந்தத் தாளை. "கார் இடிச்சதுன்னு இப்ப சொல்றீங்க, அன்னைக்குத் தானா விழுந்தார்னு சொல்லியிருக்கீங்களே?" இதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அடித்துவிட்டு ஓடிய வண்டி சம்பந்தப்பட்ட விஷயத்தில் நம் ஆட்கள் செய்யும் தவறுகளில் பாதி இந்த வகைதான். பயத்தில், அவசரத்தில், யாரோ சொன்ன யோசனையில் நடந்ததை மாற்றிச் சொல்வது. ஏ.ஆர். காப்பி, எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ் கிளைம் படிவம், வண்டியின் சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயரின் அறிக்கை என்று நான்கு தாள் வருகிறது. நான்கிலும் ஒரே கதை இருக்க வேண்டும். ஆகவே டாக்டர் கேட்கும்போது, "இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், அடையாளம் தெரியாத கார் பின்னாலிருந்து மோதிவிட்டுப் போய்விட்டது" என்று சொல்லுங்கள். நம்பர் தெரியாதது குற்றமில்லை.

கார் என்று சொன்னால் சிகிச்சைக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள் என்ற பயமும் சிலருக்கு உண்டு. உண்மை நேர் எதிர். 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு. எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. வேளாங்கண்ணிக்கு வந்த இடத்தில் அடிபட்ட வெளியூர்க்காரருக்கும் பொருந்தும். விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு போனால் நம்மையே சாட்சிக்கு இழுப்பார்கள் என்ற பழைய பயமும் வேண்டாம். உதவியவர் மேல் வழக்கு வராது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் முடியாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு சொல்கிறது.

அடுத்தது ஸ்டேஷன். இங்கே நடக்கும் தவறு சின்னதாகத் தெரியும், ஆனால் விலை பெரிது. மனு எழுதிக் கொடுத்ததும் ஒரு ரசீது தருவார்கள். அது சி.எஸ்.ஆர். அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு வருபவர்கள் ஏராளம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி மட்டுமே. வழக்குப் பதிந்தால்தான் விசாரணை, அதன் பிறகுதான் மற்றதெல்லாம். எஃப்.ஐ.ஆர். நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள்.

எல்லைத் தகராறும் நம் பக்கம் அதிகம். ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாவட்டம், அந்தப் பக்கம் இன்னொன்று. 2020 டிசம்பரில் மயிலாடுதுறை தனி மாவட்டமானதில் ஒரு கோடு கூடிவிட்டது. நாகூரைத் தாண்டி வாஞ்சூருக்குள் நுழைந்தால் காரைக்கால், அதாவது வேறு அரசாங்கம், வேறு போலீஸ். "இது எங்க லிமிட் இல்லீங்க" என்ற பேச்சைக் கேட்டுத் திரும்பி வராதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் தகவலைப் பதிந்துகொண்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம்.

ஓடிப்போன வண்டியும் அடையாளம் தெரியாத வண்டியும் ஒன்றல்ல

இந்த இடத்தில் குழம்பாதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. டிரைவர் ஓடிவிட்டான், ஆனால் வண்டி நம்பர் தெரியும் என்றால் சட்டத்தின் பார்வையில் அது சாதாரண விபத்து வழக்குதான். அந்த வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனி மேல் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். வயது, வருமானம், குடும்பம், ஊனம் எல்லாம் கணக்கில் வரும். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 2022 ஏப்ரல் முதல் கெடு வந்திருக்கிறது. பழைய நினைப்பில் ஒரு வருடம் கழித்து வக்கீலைத் தேடாதீர்கள்.

எவ்வளவு தேடியும் வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால்தான் மோட்டார் வாகனச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு நிவாரணம். இறப்புக்கு 2 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன் இது வெறும் 25,000, 12,500 ஆக இருந்தது. கொடுங்காயம் என்றதும் கை கால் போனால்தான் என்று நினைத்துப் பலர் மனுவே போடுவதில்லை. எலும்பு முறிந்தாலே, ஏன், பல் உடைந்தாலே சட்டப்படி அது கொடுங்காயம்தான்.

இந்தப் பணத்துக்குக் கோர்ட் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் முதலாம் படிவத்தில் மனு, கூடவே எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாள அட்டை, பாஸ்புக் நகல். அவர் விசாரித்து ஒரு மாதத்துக்குள் கலெக்டருக்கு அறிக்கை தரவேண்டும். கலெக்டர் உத்தரவு போட்டதும் பணம் நேரே வங்கிக் கணக்கில் வரும். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதனால்தான் 2024 ஜனவரியில், கோவை மருத்துவர் ஒருவர் தொடுத்த வழக்கில், ஒரு மாதம் ஆகியும் வண்டி அடையாளம் தெரியாவிட்டால் இந்தத் திட்டம் பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று போலீசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களுக்கு அப்படிக் கடிதம் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள்.

இரண்டு வழிக்கும் இடையில் ஒரு மூன்றாவது வழி காட்டுவார்கள். பெரியாஸ்பத்திரி வாசலில், டீக்கடையில், "நம்பர் தெரியலையா? வண்டிக்கு நான் ஏற்பாடு பண்றேன்" என்று ஒருவர் வருவார். இன்சூரன்ஸ் உள்ள ஏதோ ஒரு வண்டியையும், "நான்தான் இடிச்சேன்" என்று ஒப்புக்கொள்ள ஒரு டிரைவரையும் கொண்டுவந்து நிறுத்துவார். ஐம்பதாயிரம் வாங்குற இடத்துல அஞ்சு லட்சம் வாங்கலாம் என்பார். மோசடி என்பதை ஒரு பக்கம் வையுங்கள், காரியமாகவும் இது உருப்படாது. விபத்து நடந்து இருபது நாள் கழித்துத் திடீரென்று முளைக்கும் வண்டி நம்பரைத்தான் கம்பெனியின் விசாரணையாளர் முதலில் தோண்டுவார். அன்றைக்கு அந்த வண்டி எங்கே இருந்தது, மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்தபோது அதில் அடி இருந்ததா என்று கேட்டால் கதை கலைந்துவிடும். ஏற்பாடு செய்தவர் கைபேசியை அணைத்துவிடுவார். குற்ற வழக்கு, காலொடிந்தவர் தலையில் விழும்.

காருக்கு அடி என்றால்

என் சொந்தக் கதை. மார்கழிப் பனி, இரவு பதினொரு மணி. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகிறேன். கோவில்வெண்ணி தாண்டியதும் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று முந்தும்போது வலது பக்கம் முழுக்க உரசி, என் காரை இடதுபக்க வாய்க்காலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. பின்விளக்கு கிடையாது. நம்பர் பலகையில் மண்.

எனக்கு முதலில் தோன்றியது சாவியைத் திருப்பிக் காரை மேலே ஏற்றிவிடலாம் என்பதுதான். டிராக்டரில் வந்த பெரியவர் ஒருவர் தடுத்தார். "தம்பி, ஸ்டார்ட்டு போட்ராதீங்க. எஞ்சின் தண்ணி குடிச்சிருந்தா மொத்தமும் போயிடும்." அவர் சொன்னது மெக்கானிக் ஞானம் மட்டுமல்ல, இன்சூரன்ஸ் ஞானமும்தான். மோதியதால் வந்த சேதத்துக்குப் பணம் தருவார்கள். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தால், அது பின்னால் நீங்களே உண்டாக்கிய சேதம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர.

நான் செய்த தவறு வேறு. லாரி போன திசையில் நீடாமங்கலம் ரயில்வே கேட். அந்த கேட்டில் காத்துக் கிடந்த அனுபவம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. ஓடினவனும் அங்கே நின்றிருக்கலாம். உடனே 112-க்கு அடித்து, லாரி நிறம், தார்ப்பாய் நிறம், போன திசை என்று மூன்று வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் மச்சானுக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் போன் செய்துகொண்டிருந்தேன். விரட்டிக்கொண்டு போகச் சொல்லவில்லை, பனியில் இந்த ரோட்டில் அது தற்கொலை. தகவல் போனால் போதும். சாலையோரப் பெட்ரோல் பங்க், நெல் கொள்முதல் நிலையம், சுங்கச்சாவடி என்று கேமரா இருக்கும் இடங்களையும் மறுநாளே கேட்டுவிட வேண்டும். பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.

காரை இழுப்பதற்கு முன் படம் எடுங்கள். நம்பர் பலகையும் சாலையும் ஒரே படத்தில் தெரிய வேண்டும். உங்கள் கதவில் ஒட்டியிருக்கும் அந்த வண்டியின் பெயின்ட், கீழே கிடக்கும் இண்டிகேட்டர் கண்ணாடித் துண்டு எல்லாம் சாட்சி. வீட்டுக்கு வந்ததும் சேறாக இருக்கிறதே என்று கழுவிவிடாதீர்கள்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஒருவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சொன்னார். "சார், லாரி கீரின்னு எழுதாதீங்க, எஃப்.ஐ.ஆர். கேப்பாங்க. நாய் குறுக்க வந்துச்சு, மைல்கல்லுல மோதிட்டேன்னு எழுதிடுங்க." மைல்கல் எந்த ஊரில் கதவுக் கைப்பிடி உயரத்தில் பச்சைப் பெயின்ட் பூசிவிட்டுப் போகிறது? சர்வேயர் தினமும் இருபது கார் பார்க்கிறவர். அடியின் உயரம், திசை, நிறம் மூன்றையும் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும். நடந்ததை மறைத்ததாக முடிவு செய்தால் முழுக் கிளைமையும் மறுக்கலாம். நடந்ததை நடந்தபடி எழுதினேன். பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று பாதி பிடித்தார்கள். மற்றது வந்தது.

இதெல்லாம் முழு இன்சூரன்ஸ் இருந்தால் மட்டும். தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டிவிட்டு "இன்சூரன்ஸ் கரெக்டா இருக்கு" என்று நினைத்திருப்பவருக்கு, இடித்த வண்டி தெரியாத பட்சத்தில் காருக்கு ஒரு பைசா வராது. 161-ஆம் பிரிவுப் பணமும் உடம்புக்குத்தான், தகரத்துக்கு இல்லை.

முழு இன்சூரன்ஸ் இருப்பவருக்கு வேறொரு கணக்கு. தவறு நம்முடையது இல்லாவிட்டாலும் கிளைம் வாங்கினால் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, பூஜ்யமாகும். உங்கள் சொந்தச் சேதப் பிரீமியம் 12,000 என்று வையுங்கள். 50 சதவீதத் தள்ளுபடியில் 6,000 கட்டிவருகிறீர்கள். கிளைம் வாங்கினால் அடுத்த வருடம் முழு 12,000. பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-க்கு வருவதற்குள், கூடுதலாகக் கட்டியது 6,000, 3,600, 3,000, 1,800, 600, ஆக மொத்தம் 15,000. கார் விலை குறையக் குறைய இது கொஞ்சம் குறையும். ஆனாலும் எட்டாயிரம் ரூபாய்க் கீறலுக்கு ஓடிப்போய்க் கிளைம் போடுவது நஷ்டம். எஃப்.ஐ.ஆர். வேண்டுமா என்பது வேறு விஷயம். யாருக்காவது அடிபட்டிருந்தால் கீறல் கணக்கெல்லாம் பேசக்கூடாது.

எல்லோரும் மறப்பது பாலிசியின் கடைசி வரிகளில் இருக்கும் தனிநபர் விபத்துக் காப்பு. வண்டியின் சொந்தக்காரரே லைசென்ஸோடு ஓட்டிவந்து இறந்தாலோ நிரந்தர ஊனமடைந்தாலோ 15 லட்சம் ரூபாய் வரை. இடித்தவன் யாரென்று தெரிய வேண்டியதில்லை. இரு சக்கர வண்டிக்கும் உண்டு. ஒரு கையோ காலோ போனால் பாதித் தொகை. துக்க வீட்டில் இதை யாரும் தேடிப் பார்ப்பதில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் யாராவது ஒருவர் பாலிசித் தாளை எடுத்துப் படியுங்கள்.

கம்பெனிக்குத் தகவல் சொல்ல இரண்டு மூன்று நாள் தாமதமாகிவிட்டால், "லேட்டு, இனி கிடையாது" என்று போனில் சொன்னதைக் கேட்டு விட்டுவிடாதீர்கள். தாமதம் ஒன்றை மட்டுமே காரணம் காட்டி நியாயமான கிளைமை மறுக்கக்கூடாது என்று இன்சூரன்ஸ் ஒழுங்காற்று ஆணையம் 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருந்தேன், வாய்க்காலில் கிடந்தேன் என்று காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள்.

இடித்தது நீங்களாகவே இருந்தால்? ஊர் கூடி அடிக்குமோ என்று பயந்து ஓடியவர்கள்தான் அதிகம். கூட்டத்தின் கோபத்தால் அங்கே நிற்க முடியாமல் போகலாம் என்பதைச் சட்டமே ஏற்றுக்கொள்கிறது. நிற்க முடியாவிட்டால் நேரே பக்கத்து ஸ்டேஷனுக்குப் போங்கள், 108-க்குச் சொல்லுங்கள். 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் அவர்களுடைய குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் ஒப்பவில்லை என்றால் இன்சூரன்ஸ் குறைகேள் அதிகாரியிடம், அதாவது ஓம்புட்ஸ்மேனிடம், ஒரு வருடத்துக்குள் போகலாம். 50 லட்சம் வரை விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. அலுவலகம் சென்னையில், மனுவை இணையத்திலேயே போடலாம். காரைக்கால்காரர்களுக்கும் அதே அலுவலகம்தான்.