பிரித்தானிய, அமெரிக்கத் தொடர்களை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

வெள்ளவத்தை வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் எந்நாட்டுத் தொடர் சிறந்தது என்ற வாதம் எழுந்தால், இரு நாடுகளிலும் எடுக்கப்பட்ட ஒரே கதையைத் தெரிவுசெய்யுங்கள். துப்பறியும் தொடரை நகைச்சுவையோடு ஒப்பிடுவது வீண்வேலை. ஓர் அலுவலகத்தையும் அதன் மேலாளரையும் பற்றிய நகைச்சுவைத் தொடரான ‘தி ஆபிஸ்’ மிகப் பொருத்தமானது. பிபிசியில் 2001இல் தொடங்கிய மூலத்தொடர், நத்தார்ச் சிறப்புப் பாகங்களையும் சேர்த்து 14 பாகங்களுடன் 2003இல் முடிந்தது. என்பிசி தொலைக்காட்சியின் அமெரிக்க வடிவமோ 2005 முதல் 2013 வரை 9 பருவங்கள் நீடித்தது.

முதற்பாகங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். வசனங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், நடிப்பிலும் வேகத்திலும் உள்ள வேறுபாடு தெளிவாகப் புலப்படும். பின்னர் அமெரிக்க வடிவத்தின் இரண்டாம் பருவத்துக்குச் செல்லுங்கள்: மூலத்தை இருவரே எழுதியதால் மேலாளரின் சங்கடமூட்டும் இயல்பைத் தயங்காமல் காட்ட முடிந்தது, ஆண்டுக்கணக்கில் பார்வையாளரைத் தக்கவைக்க வேண்டிய அமெரிக்க எழுத்தாளர் குழுவோ அவரைச் சற்றுக் கனிவானவராக மாற்றியது. எனக்கு மூலத்தின் கடுமையே பிடிக்கும்.

விளம்பரத்தையும் கவனியுங்கள். பிரித்தானியாவில், தொலைக்காட்சி பார்ப்பதற்காக வீடுகள் செலுத்தும் அனுமதிக் கட்டணத்தால் இயங்கும் பிபிசியில் விளம்பர இடைவேளை இல்லாததால் பாகம் ஏறத்தாழ 30 நிமிடம் ஓடும். அமெரிக்கப் பாகம் பெரும்பாலும் 22 நிமிடமே. காட்சி எங்கெல்லாம் திடீரென அறுபடுகிறது என்று குறித்துக்கொண்டால், விளம்பரம் இருந்த இடங்கள் தெரியவரும். நமது தொலைக்காட்சி நெடுந்தொடர்களில் பழகிய கண்களுக்கு இது கடினமன்று.